கதாநாயகி ஏன் வெளியே வரவில்லை?

மூன்றாம் மாடி மாமிக்குக் கண்மையால் மீசை வரைந்தது நான்தான். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டும் மறுபக்கம் தொங்கிக்கொண்டும் போய்விட்டது. "போடி, எங்காத்துக்காரர் மீசையே தேவலை" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவருடைய பேண்டுக்குள் புகுந்துகொண்டாள் மாமி. எண்பதுகளில், சவூதியின் அல் கோபாரில், ஆண்கள் ட்யூட்டிக்குப் போன பகல்களில் நாங்கள் ஒரு காதல் படம் எடுத்தோம். பேசாத படம்.

அங்கே சினிமாக் கொட்டகை கிடையாது. பெண்கள் தனியாகக் கடைக்குப் போகும் வழக்கமும் இல்லை. டிவியில் எப்போதாவது ஊமைப்படக் காலத்து வெள்ளைக்காரப் படங்களைப் போடுவார்கள். யாராவது விழுவார்கள், யாராவது துரத்துவார்கள், கடைசியில் காதலர்கள் சேர்ந்துவிடுவார்கள். பிறந்தநாள் விழாக்களைப் படம் எடுக்கவென்று என் கணவர் வாங்கிய வீடியோ கேமரா அலமாரியில் சும்மா கிடந்தது. நம்மால் ஆகாதா என்று ஆரம்பித்துவிட்டோம்.

பேச்சில்லாமல் எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கதாநாயகியின் வீட்டுக்குள் நாங்கள் போகமுடியாது. அவள் எங்கள் எதிர் ஃப்ளாட்டுக்குப் புதிதாக வந்த மதுரைப் பெண். அவள் கணவர் காலையில் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பூட்டை உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். "ஊர் புதுசு, பாதுகாப்புக்குத்தான்" என்பார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், ஆப்பிளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போடுவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். காற்றுக்காகக் கட்டடத்தின் நடுவில் விட்டிருந்த இடைவெளியில், அவள் சமையலறை ஜன்னலும் எங்களுடையதும் நேருக்கு நேர். சத்தம் போட்டால் எல்லா மாடிக்கும் கேட்கும். ஆகவே கையாலும் கண்ணாலும்தான் காதல்.

மாமி எங்கள் ஜன்னலில் நின்று நெஞ்சில் கைவைத்து உருகுவாள். துடைப்பக் கம்பின் நுனியில் முறுக்கைக் கட்டி நீட்டுவாள். மதுரைக்காரி முறுக்கைத் தின்றுவிட்டு, காதல் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டி ஜன்னலைச் சாத்துவாள். சிரிப்பில் கேமரா என் தோளில் குலுங்கும். அந்தக் குலுக்கல் இன்றும் கேசட்டில் இருக்கிறது. கடைசியில் அவள் வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடிவர வேண்டும், அதை மட்டும் எடுக்க முடியவில்லை. "என்னைக்காச்சும் மறந்து பூட்டாமப் போவாருக்கா, அன்னைக்கு எடுத்துக்கிருவோம்" என்று ஜன்னல் வழியாக மெல்லச் சொன்னாள். அவர் மறக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஹாலில் நாலைந்து குடும்பங்கள் கூடியிருந்தபோது, மாமி ஆசை தாங்காமல் கேசட்டைப் போட்டுவிட்டாள். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதுரைக்காரியின் கணவரும்தான். மனைவிக்கு இப்படி நடிக்க வரும் என்று அவருக்கே அன்றுதான் தெரியும் போலிருந்தது. படம் பாதியில் நின்றதும் மாமியின் சின்ன மகள் கேட்டாள்: "ஆன்ட்டி, ஒய் டோன்ட் யூ கம் அவுட்? கதவைத் திறந்துண்டு வரலாமே?"

பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த மதுரைக்காரிதான் பதில் சொன்னாள். "வெளிய பூட்டியிருக்கும் கண்ணு. சாவி அங்கிள்கிட்ட இருக்கு." அந்தக் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் முகம் சிறுத்துப் போயிற்று. எழுந்து தன் வீட்டுக்குப் போய் மாற்றுச் சாவியை எடுத்துவந்தார். யாரிடம் கொடுத்தார் என்கிறீர்கள்? என் கணவரிடம். "அவசர ஆத்திரத்துக்கு உங்ககிட்ட இருக்கட்டும் சார்." இவரும் பெரிய பொறுப்பை ஏற்றவர்போல வாங்கி ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை இவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துவிட்டேன். ஆண்கள் கிளம்பியதும் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மாமியோடு போய் எதிர்க்கதவைத் திறந்தேன். ஓடிவருவாள், எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அவள் ஓடிவரவில்லை. "அந்தச் சாவியக் குடுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டு, எங்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே பூட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவளே திறந்தாள். மறுபடி பூட்டினாள். மறுபடி திறந்தாள். படம் எடுக்கவேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

சாவியை அவள் திருப்பித் தரவில்லை. என் கணவர் பையைக் கவிழ்த்துப் போட்டு நாள்கணக்காகத் தேடினார். தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.