தாசன் காரின் பின்சக்கரம்

போன வாரம் ஒரு காரின் சக்கரம் கழன்று ஓடியது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத புதுக் கார். பட்டப்பகல். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புரோசார்ட்டில் இருந்து மொன்றியல் பாலத்துக்கு ஏறுகிற வளைவு.

கார் என்னுடையது இல்லை. என் நண்பர் தாசனுடையது. ஆனால் அந்தக் காரை அவர் எங்கே வாங்கினார், எங்கே சேர்விசுக்குக் கொடுத்தார், யாருடைய பேச்சைக் கேட்டுக் கொடுத்தார் என்று விசாரித்தால்... கடைசியில் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. வழக்கமாகப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் அசட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். இந்தத் தடவை அது முடியுமா தெரியவில்லை. முதலில் இருந்தே சொல்கிறேன்.

மொன்றியலுக்கு வந்து இருபத்தாறு வருடம். இத்தனை காலமும் நான் ஓட்டியவை எல்லாம் யாரோ ஓட்டிக் களைத்த கார்கள். ஒன்றுக்குக் கதவு உள்ளே இருந்து திறக்காது. இன்னொன்றின் ஹீட்டர் ஜூலை மாதத்தில் மட்டும் பிரமாதமாக வேலை செய்யும். இவற்றையெல்லாம் உயிரோடு வைத்திருந்தவர் குணம் அண்ணை. நகரத்துக்குள்ளேயே வில்லரே பகுதியில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறார். போனால் பால் விடாத ஒரு பிளேன்ரீ கிடைக்கும், கொஞ்சம் ஏச்சும் கிடைக்கும், கார் ஓடும்.

போன வருடம் இலையுதிர் காலத்தில்தான் என் வாழ்க்கையின் முதல் புதுக் காரை வாங்கினேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இனியாவது குளிரில் நடுவழியில் நிற்காமல் ஒரு கார் வேண்டும் என்று மனைவி ரீற்றா சொல்லிவிட்டாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் ஃபாதர் மாதா கோயில் வாசலுக்கு இறங்கி வந்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். பிறகு எல்லோருக்கும் ரோல்ஸ், பற்றீஸ். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு தேசிக்காயுடன் நின்றார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசித்தோம். ஆக, இரண்டு சமயமும் சேர்ந்து காவல் காத்த கார் அது.

புதுக் காரை வெளிக் கராஜில் காட்டினால் வொறன்ரி போய்விடும் என்று கோயில் வாசலில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். யாரும் வாசித்துச் சொன்னதில்லை, கேட்டுச் சொன்னதுதான். நானும் நம்பினேன். குணம் அண்ணையை விட்டுவிட்டு, கார் வாங்கிய இடத்துக்கே சேர்விசுக்குப் போனேன்.

என்ன இடம் அது! முழுக்கக் கண்ணாடி. தோல் சோபா. பட்டனை அமுக்கினால் நாலு வகைக் கோப்பி. பெரிய திரையில் என் பெயர் ஓடுகிறது. கவுண்டரில் இருந்த பையன் என்னைப் பிரெஞ்சில் ஐயா, 'மெஸ்யே' என்றான். என்னை அறியாமலே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இவ்வளவு சுத்தமான இடத்தில் பிழையான வேலை நடக்கும் என்று எப்படி நினைப்பது? குணம் அண்ணையின் கராஜில் இருக்கிற ஒரே கதிரைக்கு மூன்று கால்தான்.

முதல் சேர்விஸ் வசந்த காலத்தில். முடிந்து வந்த காரில் சாரதி இருக்கையில் கறுப்பு எண்ணெய்க் கை அடையாளம். சரி, துடைத்தால் போகும். ஆனால் காற்று ஃபில்டர் மாற்றியதாக எழுதி, சரி போட்டிருந்தார்கள். ரீற்றாவுக்கு ஏதோ மணம் அடித்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்தாள். பழைய ஃபில்டர். அதற்கு மேல் போன வருடத்து மேப்பிள் இலைகள் இரண்டு, பத்திரமாக.

போய்க் கேட்போம் என்றாள். நான்தான் விடச் சொன்னேன். புதுக் காருக்கு எடுத்தவுடனே குறை சொல்லாதே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மூடியைத் திரும்பப் பூட்டினேன்.

இந்தப் பழக்கம் எங்கள் ஆட்களுக்கே உரியது என்று நினைக்கிறேன். புதுச் சாமானில் குறை சொல்ல மாட்டோம். பழைய காரைப் பற்றி மணிக்கணக்கில் புலம்புவோம். புதுக் கார், புது வீடு, புது மருமகன்... மூன்றும் எப்போதும் திறம்! குறை சொன்னால் சாமானுக்குப் பழுது இல்லை, வாங்கினவனுக்குத்தான் பழுது. ஐம்பது பேர் பார்க்க மந்திரித்து, ரோல்ஸ் கொடுத்த காரைப் பற்றி எந்த வாயால் குறை சொல்வது?

அதனால் கோடை காலத்தில் தாசன் வந்து கேட்டபோதும் அதே வாய்தான் பேசியது.

தாசன் மன்னார்க்காரர். நாற்பது வயது இருக்கும். இங்கே வந்து எட்டு வருடம். பேக்கரி ஒன்றில் வேலை. மனைவி ஜெனிற்றா தையல் தொழிற்சாலையில் மெஷினில் இருக்கிறார். ஒரு சின்ன மகள். மூன்று பேரும் குளிரிலும் பனியிலும் பஸ்ஸுக்கு நின்ற குடும்பம். கார் எப்படி, சேர்விஸ் எப்படி என்று தாசன் பயபக்தியோடு கேட்டார். காரும் திறம், சேர்விசும் திறம் என்றேன். மேப்பிள் இலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஆகஸ்டில் அதே இடத்தில் அதே மாதிரிக் கார் எடுத்தார்கள். நிறம் மட்டும் வேறு.

இங்கே டிசம்பர் முதலாம் திகதிக்கு முன்னால் பனியில் வழுக்காத வின்ரர் ரயர் போட்டாக வேண்டும். சட்டம். நவம்பர் வந்தால் ஊரே வரிசையில் நிற்கும். நான் மாதத் தொடக்கத்திலேயே கார் வாங்கிய டீலரிடம் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்தில் பின்பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். முதலில் டிக்கியில் கிடந்த பனி வாரும் மண்வெட்டிதான் உருளுகிறது என்று நினைத்தேன். மண்வெட்டியை எடுத்து வீட்டுக்குள் வைத்தேன். சத்தம் போகவில்லை.

வெட்கத்தை விட்டுக் குணம் அண்ணையிடம் போனேன். அவர் குனிந்து பார்த்தார். என் கையைப் பிடித்துப் பின் இடது சக்கரத்தின் நட்டில் வைத்தார். விரலால் திருப்பினேன். திரும்பியது. அடுத்ததும் திரும்பியது. ஐந்தில் மூன்று நட்டுகள் வெறும் விரலுக்குச் சுழன்றன. அந்தக் காரில்தான் ரீற்றா தினமும் பாலம் தாண்டி லொங்குய்யில் வேலைக்குப் போகிறாள்.

குணம் அண்ணை எல்லாவற்றையும் இறுக்கினார். அங்கே வேலை செய்கிறவனுக்கு மணிக்கணக்கில் சம்பளம் இல்லை, காரின் கணக்கில்தான், நவம்பரில் ஒருவன் தலையில் எத்தனை காரைக் கட்டுவார்களோ கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். அப்புறம் எழுந்து நின்று கையைத் துடைத்தபடி சொன்னார்:

"தம்பி, போய் அவங்களோட சண்டை பிடி. அது ரெண்டாவது. முதல்ல எங்கட சனத்துக்குச் சொல்லு. உன்ர சொல்லைக் கேட்டு அங்க போனவை இருப்பினம்."

சண்டை பிடிக்கப் போனேன். கவுண்டர் பையன் மிகவும் வருந்தினான். எவ்வளவு அழகாக வருந்துகிறார்கள் தெரியுமா? வருந்தி முடித்துவிட்டு, ஒரு இலவசக் கார்க் கழுவலுக்குச் சீட்டு தந்தான். நான் பிரெஞ்சில் ஒரு நன்றி, 'மெர்சி' சொல்லி வாங்கிக்கொண்டேன். சண்டை முடிந்தது. கழுவிய கார் அடுத்த சிக்னலுக்குள் மறுபடி பனிச் சேறாகிவிட்டது.

சனத்துக்கு? ஒருவருக்கும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் தாசன் போன் எடுத்தார்.

"அண்ணை, ரயர் மாத்தவும் அங்கயே குடுக்கட்டோ? இல்லாட்டி குணம் அண்ணையிட்டப் போகட்டோ?"

வாசகர்களே, இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியுமா? இரண்டு வழியையும் அவரே எடுத்து வைத்தார். குணம் அண்ணையிடம் போம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாரே? காரணம் சொன்னால், அப்படியானால் என்னை ஏன் அங்கே கார் வாங்கச் சொன்னீர்கள் என்று வருமே? தாசன் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை. அவருக்காக நானே மனதுக்குள் கேட்டு, நானே பயந்துகொண்டேன்.

"ஓம் ஓம், அங்கயே குடும். புதுக் கார்தானே" என்றேன்.

அவர் நன்றி சொன்னார்.

போன வாரம், ஜெனிற்றாவுக்கு லீவு நாள். மகளைக் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு இருவரும் சாமான் வாங்க புரோசார்ட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது அந்த வளைவில் பின்பக்கம் தாழ்ந்தது. சக்கரம் தங்களை முந்திக்கொண்டு ஓடியதைத் தாசன் கண்ணால் கண்டிருக்கிறார். கார் இழுபட்டுப் போய் ஓரத்துக் கம்பியில் மோதியது. ஜெனிற்றா முன்னால் சாயாமல் இருக்க டாஷ்போர்டில் கையை ஊன்றியிருக்கிறார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள்.

மெஷினில் துணியைப் பிடித்துத் தள்ளுகிற கை அது. பழையபடி வேலை செய்யுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாராம் டொக்டர். பார்க்கலாம். அந்தச் சொல்லுக்குப் பிறகு யார் தூங்குவது?

தாசன் பஸ்ஸில் வர, நானும் டீலரிடம் போனேன். அதே பையன். அதே கோப்பி. இந்தத் தடவை இன்னும் கூடுதலாக வருந்தினான். உள்ளே போய் ஒரு தாள் கொண்டு வந்தான். வரிசையாகச் சரி அடையாளங்கள். நட்டு இறுக்கியது சரி, பிரேக் பார்த்தது சரி, எல்லாம் சரி. ஒரே பேனா, ஒரே இழுப்பு. அடியில் பிரெஞ்சில் பொடி எழுத்தில் ஒரு வரி. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கக் கொண்டு வருவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று அவன்தான் படித்துச் சொன்னான். அதன் கீழே தாசனின் கையெழுத்து.

தாசனுக்கு அவ்வளவு பிரெஞ்சு வராது. எனக்கு இருபத்தாறு வருடத்திலும் வரவில்லை. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு மெர்சி சொல்வதுதான் எங்கள் பிரெஞ்சு. என் தாளிலும் அதே வரி, அதே மாதிரிக் கையெழுத்து இருக்கும். வெளியே வந்து இருவரும் பஸ் தரிப்பில் நின்றோம். என் காரில் போகலாம் என்று கூப்பிட எனக்கு நா எழவில்லை. அதுவும் அந்த வளாகத்திலேயே, இருபது அடி தள்ளி, பளபளவென்று நின்றது.

கடைசியில் அதில்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். முறைப்பாடு, வழக்கு என்று வீட்டில் ரீற்றா ஏதேதோ தேடிப் படித்துக்கொண்டிருக்கிறாள். வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். கையெழுத்து இருக்கிறதே என்கிறார்கள். எங்கே சுற்றினாலும் யாருடைய பிழையும் இல்லை என்று வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்றோம். ஏழெட்டுப் பேர் தாசனைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன நடந்தது, புதுக் கார் அல்லவா, எங்கே எடுத்தது என்று கேள்வி மேல் கேள்வி. நான் பக்கத்தில்தான் நின்றேன். தாசன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மொன்றியல் ரோட்டு தெரியும்தானே அண்ணை. பள்ளத்துக்க விழுந்திட்டுது" என்றார்.

போதும். ஆளாளுக்குத் தங்கள் பள்ளக் கதையைத் தொடங்கிவிட்டார்கள். நகரசபைக்கு நல்ல ஏச்சு விழுந்தது. என் சொல்லைக் கேட்டுக் கெட்டவர், என் மானம் போகக் கூடாது என்று கோயில் வாசலில் பொய் சொல்கிறார். என் காரிலும் நட்டு கழன்றிருந்தது என்று அவருக்குத் தெரியாது. பழுது தெரியாமல் நல்ல இடம் என்று சொன்ன மனிதன் என்று என்னை நினைத்துக்கொண்டுதான் காப்பாற்றினார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தேன். நானும் ஒரு பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ரீற்றாவிடம் இது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "தாசனுக்கு நீங்கள் சொல்லோணும். நான் போய்ச் சொன்னா அது வேற" என்றாள். மூன்று நாளாகத் தாசன் வீட்டுத் தெரு முனைவரை போய்ப் போய்த் திரும்புகிறேன்.

தங்கச்சி ஜெனிற்றா, நீங்கள் இந்தப் பக்கத்தை ஒரு வாரமும் தவறவிடுவதில்லை என்று தாசன் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் இதை எழுதியிருக்கிறேன்.