பேச்சியம்மாள் ஏற்றிய கியர் பெட்டி

மலாயாவில், பெக்கோக்கிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பேச்சியம்மாள் பால்மரம் வெட்டினாள். நாலு மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, முந்நூறு மரத்தில் பட்டை வெட்டிப் பால் சேர்த்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்ப மதியம் இரண்டாகிவிடும். வேலை அதோடு முடிந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் யாருடைய காராவது வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும்.

அவள் புருஷன் அர்ச்சுனன் தோட்டத்து ஸ்டோரில் இன்ஜின் பார்க்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு கார் பட்டறையில் ஆறு வருஷம் இருந்தான். 1930க்கு அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதில் லயத்தில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. புதுக் கார் வாங்க யாருக்கும் வழியில்லை. இன்ஜின் செத்துப்போன காரை வைத்திருந்தவர்கள், கவிழ்ந்த லாரியிலிருந்தோ ஓடாமல் கிடந்த பஸ்ஸிலிருந்தோ ஓர் இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு அர்ச்சுனனைத் தேடி வந்தார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவனுக்கு வாய் வராது.

இரண்டு கம்பம் நட்டுக் குறுக்கே ஒரு கட்டை போட்டு, அதில் சங்கிலிக் கப்பியை மாட்டியிருந்தான். மேலே நாலு தகரம். இன்ஜினை அவன் தாங்கிப் பிடிக்க, சங்கிலியை இழுப்பது பேச்சியம்மாள். கழற்றின சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக அடுக்குவதும் அவள்தான். அவளுக்கு இதில் ஆசை ஒன்றும் கிடையாது. கூட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

1933 மார்கழியில் டிரெஸர் கேப்ரியலின் கார் வந்தது. சுற்றியிருந்த மூன்று தோட்டங்களுக்கும் கேப்ரியல்தான் வைத்தியம் பார்த்தார். தம்மால் முடியாத நோயாளிகளை, காரின் பின் சீட்டைக் கழற்றிப் பலகை போட்டுப் படுக்கவைத்து, சிகாமட் ஆஸ்பத்திரிக்கு அவரே ஓட்டிக்கொண்டு போவார். ஒரு நாள் வழியில் இன்ஜின் கொதித்துவிட்டது. அவசரத்தில் ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றினார். சூட்டில் இருந்த இன்ஜினின் வார்ப்பிரும்பு வெடித்துப் பிளந்துவிட்டது.

"என் தப்புதான், அர்ச்சுனன். என்ன செய்யலாம் சொல்லு," என்றார்.

சிகாமட்டில் ஒரு மரக்கடைச் சீன முதலாளியின், தவுக்கேயின் லாரி வெள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் இன்ஜின் நன்றாக இருந்தது. ரயிலில் பெக்கோக் வரைக்கும் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் லயத்துக்கு வந்து சேர்ந்தது. காரின் பழைய கியர் பெட்டி அதோடு பொருந்தவில்லை. போல்ட் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி இருந்தன. லாரியின் கியர் பெட்டியையே போடுவதென்றால் அது ஒரு சாண் நீளம் அதிகம். அதனால் பின் சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டி, கொல்லன் உலையில் காய்ச்சி ஒட்டிக் குட்டையாக்க வேண்டியிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. கடைசியில் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. கியர் பெட்டிதான் பாக்கி.

அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். பெட்டியைச் சங்கிலியில் தூக்கி, காருக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான் அர்ச்சுனன். கட்டியிருந்த கயிறு நனைந்து நழுவியது. ஒன்றரை மூட்டை அரிசிக் கனம், அவன் வலது கைமேல் இறங்கிவிட்டது.

"தூக்கு," என்று மட்டும் சொன்னான். பேச்சியம்மாள் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். இரண்டு விரல்கள் விரலாகவே இல்லை.

கேப்ரியல் வந்து கழுவிக் கட்டுப் போட்டார். இரண்டாம் நாள் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்ததும் நாற்றம் அடித்தது.

"இனி நான் பார்க்கிற காயம் இல்லம்மா. சிகாமட்டுக்குப் போயாகணும்," என்றார் கேப்ரியல். "ரயில் பாதையில மண் சரிஞ்சு கிடக்கு. ரெண்டு மூணு நாளைக்கு வண்டி இல்லைன்னு சொல்றாங்க. துரை காரோட சிங்கப்பூர் போயிருக்காரு."

"மாட்டுவண்டி?"

"ரோடு முப்பது மைல். இந்தக் குலுக்கல்ல, இந்தக் காய்ச்சல்ல, வேண்டாம்."

பேச்சியம்மாள் பின்பக்கம் நின்ற காரைப் பார்த்தாள். காலையிலிருந்து மரம் வெட்டிவிட்டு வந்த உடம்பு. கால் வீங்கியிருந்தது. "அந்தப் பெட்டி ஒண்ணுதானே பாக்கி," என்றாள்.

அர்ச்சுனனைப் பலகையோடு தகரத்தின் கீழே கொண்டுவந்து போட்டார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் செய்ய ஆரம்பித்தாள். கேப்ரியல் சங்கிலியை இழுத்தார். இந்தத் தடவை கயிறு வேண்டாமென்று அவள் பெட்டியைக் கம்பியால் கட்டினாள். பிறகு கோணியை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். கீழே ஓடிய மழைத்தண்ணீர் முதுகை நனைத்தது.

பெட்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, இன்ஜினில் உள்ள கிளட்ச் தட்டின் நடு ஓட்டைக்குள் புகவேண்டும். தண்டிலும் பல், ஓட்டையிலும் பல். புகவில்லை. எத்தனை தடவை தள்ளியும் நாலு விரல்கடை வெளியிலேயே நின்றது. தோளைக் கொடுத்து முட்டினாள்.

"முட்டாத, பேச்சி. தட்டு நடுவுல இல்ல. அடிச்சின்னா பல் போயிடும்."

"அப்ப என்ன செய்யட்டும்?"

அவனுக்குப் பேச மூச்சு வாங்கியது. "தண்டு கனத்துக்கு ஒரு கட்டை சீவு. தட்டோட போல்டைத் தளர்த்தி, அதை உள்ள விட்டுத் தட்டை நடுவுக்குக் கொண்டா. அப்புறம் தட்டை இறுக்கு."

வெளியே வந்தாள். கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி, பால் வெட்டும் கத்தியால் சீவினாள். பட்டையில் ஒரு நூல் ஆழம் தப்பாமல் முந்நூறு மரம் வெட்டுகிற கை அது. கட்டை மூன்றாவது தடவை சரியாகப் போய் உட்கார்ந்தது. தட்டை இறுக்கி, கட்டையை உருவிவிட்டு, மறுபடி பெட்டியைத் தள்ளினாள். பல்லோடு பல் சேரவில்லை. தண்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு திருப்பில் பெட்டி தானாகவே முன்னால் போய் ஒட்டிக்கொண்டது.

"போயிருச்சு," என்றாள்.

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போல்டுகளை மாட்ட மறுபடி உள்ளே போனாள்.

மறுநாள் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. காலையிலிருந்து பின் தண்டைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி முடித்தாள். கேப்ரியல் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றினார். பதினாலாவது சுற்றில் இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. பேச்சியம்மாள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

கேப்ரியல் முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்தது. லாரிப் பெட்டியில் கியர்கள் இடம் மாறியிருந்தன.

"முதல் கியர் கீழ இருக்கு, டிரெஸர் ஐயா," என்று பலகையில் படுத்தபடி சொன்னான் அர்ச்சுனன்.

லாரிக்கென்று செய்த கியர், வேகம் ஏறாது. சிகாமட் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள், பாதி வழியில் இருந்த லாபிஸ் வருவதற்குள் தூங்கிப்போனாள். ஆஸ்பத்திரி வாசலில் கேப்ரியல் எழுப்பியபோது எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அதற்கப்புறமும் கார்கள் வந்தன. அர்ச்சுனனால் ஸ்பானர் பிடிக்க முடியாது. அவன் ஒரு தகர டின்னில் உட்கார்ந்து சொல்ல, அவள் செய்வாள். பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் தன் காரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், ஒரு பொம்பளை என்ன செய்துவிடப் போகிறாளோ என்று மத்தியானம் முழுக்க அங்கேயே நின்றார்.

"நிக்கிறீங்கல்ல, இந்தச் சங்கிலியையாவது பிடிங்க," என்றாள் பேச்சியம்மாள், காருக்கு அடியிலிருந்து. அவர் பிடித்தார். அந்தக் கார் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு யாரும் நின்று பார்க்கவில்லை.

நாலு வருஷத்தில் ஏழு கார். கை நிறையத் தழும்பு. வலது தோளை மேலே தூக்க முடியாமல் இடது கையால் தலை சீவக் கற்றுக்கொண்டாள். கிணற்றடியில் பக்கத்து வீட்டு அங்கம்மா, "உனக்குப் பிடிச்சுத்தான் செய்யறியா?" என்று ஒரு தடவை கேட்டாள். பேச்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். "அந்தத் தண்டு உள்ள போகுற நேரம் மட்டும் நல்லா இருக்கும். மத்ததெல்லாம் வலிதான்," என்றாள்.

1937 வாக்கில் ரப்பர் விலை ஏறியது. வசதி வந்தவர்கள் வேறு கார் வாங்கிக்கொண்டார்கள். பின்பக்கம் காலியாகிவிட்டதை அவள் பல நாள் கவனிக்கவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்ய எதுவுமில்லாமல் பாயை விரித்துப் படுத்தாள். அர்ச்சுனன் இடது கையால் தேத்தண்ணி போட்டு எடுத்துவந்து எழுப்பப் போனான். அவள் வாய் லேசாகத் திறந்து, சின்னதாகக் குறட்டை வந்தது. குரல் கொடுக்காமல் தம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.