காரைப் பற்றிக் கோள் சொன்ன கதை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தா எங்கள் காரை விற்க முடிவு செய்தார். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் மிளகும் காப்பித்தூளும் விற்கிற கடை எங்களுடையது. கடைக்குச் சரக்கு ஏற்ற ஒரு வேன் வரப்போகிறது, வீட்டுக்கு முன்னால் இரண்டு வண்டி நிறுத்த இடமில்லை, ஆகவே கார் போகட்டும் என்றார். அம்மாவும் சரி என்றுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். அந்தச் சின்னக் காரை என்னளவுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. அது என்னைவிட மூத்தது. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும், நான் பார்த்த நாளிலிருந்து அது வெற்றிலை போடுகிறவர்களின் பல் நிறத்தில்தான் இருந்தது. கைப்பிரேக் பிடிக்காது என்பதால், மேட்டில் எங்கே நிறுத்தினாலும் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. அதற்கென்றே ஒரு கல் காருக்குள் இருந்தது. என் வகுப்பில் வேறு யாருடைய காரிலும் கல் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வாங்க வந்தவர் ஒரு நர்ஸம்மா. மஞ்சக்குட்டையில் குடியிருந்துகொண்டு, சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். ஸ்கூட்டரில் போய்வந்து, மழையில் இரண்டு தடவை சறுக்கி விழுந்த பிறகு கார் ஓட்டப் பழகியிருந்தார். லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் வருவதற்கு முன்பே அத்தா என்னைக் கூப்பிட்டுச் சொல்லி வைத்தார். பொய் சொல்லக் கூடாது, ஆனால் கேட்காததைச் சொல்லவும் வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன். எனக்குள் வேறு திட்டம் இருந்தது. பொய் எதற்கு? காரின் குறைகளை ஒன்றுவிடாமல் சொன்னாலே போதும், நர்ஸம்மா வந்த வழியே போய்விடுவார்.

அன்று காலையில் நல்ல பனி. அத்தா சாவியைத் திருப்பினார். கார் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி திருப்பினார். மறுபடி இருமியது. அத்தா நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரித்தார். இதுதான் சமயம் என்று நான் முன்னால் போய் நின்றேன்.

“பனியில நனைஞ்சா இப்படித்தானுங்க. ஸ்டார்ட்டே ஆவாது.”

நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்பறம் என்ன பண்ணுவீங்க கண்ணு?”

ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பதில் தெரிந்த கேள்விக்குச் சும்மா இருக்க எனக்கு வராது. பானட்டைத் திறக்கச் சொல்லி, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் காய்ந்த துணியால் துடைத்துக் காட்டினேன். சோக்கை முழுசாக இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும், வண்டி சூடானதும் சோக்கை மறக்காமல் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்றும் சொன்னேன். ஒரே திருப்பில் கார் கிளம்பிவிட்டது. நர்ஸம்மா கைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வகுப்பில் லீடர் மட்டும்தான் நோட்டில் எழுதுவாள், அதுவும் பேசுகிறவர்களின் பெயரை. காரின் மேல் புகார் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நர்ஸம்மாவே ஓட்டினார். அத்தா பக்கத்தில். நான் பின்சீட்டில், மடியில் கல்லுடன். மேட்டில் ஏற ஏற, சூடு காட்டும் முள்ளும் ஏறியது. இது எப்போதும் இப்படித்தான் கொதிக்கும் என்று சொல்லிவிட்டு, ஹீட்டரைப் போட்டு எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டால் முள் இறங்கிவிடும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முள் இறங்கியது. ஹார்ன் இடதுபக்கம் திரும்பும்போது மட்டும்தான் அடிக்கும், மற்ற நேரத்தில் ஸ்டியரிங்கைத் துளி இடப்பக்கம் அசைத்துவிட்டு அமுக்க வேண்டும் என்றேன். நர்ஸம்மா அசைத்து அமுக்கினார். அடித்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார். அத்தாவின் காது சிவந்திருந்தது.

“பூராத்தையும் இன்னைக்கே சொல்லோணுமா கண்ணு?” என்றார் அத்தா மெதுவாக.

ஒரு காப்பித் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். நான் இறங்கிக் கல் வைத்தேன். அத்தா சற்றுத் தள்ளிப் போய்க் காப்பிச் செடிகளைப் பார்த்தபடி நின்றார். நர்ஸம்மா வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“பிரேக் எப்படி கண்ணு? மாசமா இருக்கற புள்ளைங்களைக்கூட நான் இதுல கூட்டிட்டு வரவேண்டியிருக்கும். நெசத்தைச் சொல்லு.”

ஒரு வார்த்தை போதும். சில சமயம் பிடிக்காது என்று சொல்லிவிட்டால் கார் எங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கால்பிரேக்கை நம்பித்தான் மலைப்பாதையின் இருபது வளைவுகளையும் நாங்கள் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறோம். நான் முன்சீட்டில் தூங்கிக்கொண்டே இறங்கியிருக்கிறேன். அதன் மேல் பொய்ப்பழி போட எனக்கு வாய் வரவில்லை.

“பிரேக் நொம்ப நல்லா புடிக்குங்க. போன மாசந்தான் புதுசு போட்டாங்க” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நர்ஸம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டு எழுந்து போய், வண்டி பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று அத்தாவிடம் சொன்னார். பேரம்கூடப் பேசவில்லை.

இத்தனை குறையைக் கேட்ட பிறகும் ஒருவர் எப்படி வாங்குவார் என்று எனக்குப் புரியவேயில்லை. புறப்படும்போது அவர் அத்தாவிடம், “ஏனுங்க பாய், வழியில தகராறு பண்ணுச்சுன்னா பாப்பாவுக்கு போன் பண்ணலாமுங்களா?” என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொண்டார். அந்தக் கேள்விதான் எனக்கு ஆறுதல். கார் நிச்சயம் தகராறு பண்ணும். நர்ஸம்மா சலித்துப்போய்க் கொண்டுவந்து விட்டுவிடுவார்.

அந்த வாரமே முதல் போன் வந்தது. செம்மநத்தத்தில் நின்றுவிட்டதாம், சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லையாம். பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று கேட்டேன். பூத்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவச் சொன்னேன். அடுத்தது தலைச்சோலையிலிருந்து. நல்ல மழை, வைப்பர் ஆடவில்லை. பக்கத்து வீட்டில் உருளைக்கிழங்கு வாங்கிப் பாதியாக வெட்டிக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் தங்காது, மழை கொஞ்சம் குறைந்ததும் மெதுவாக வந்துவிடலாம் என்றேன்.

ஒவ்வொரு போனுக்கும் கடைக்கு ஓடுவேன். அத்தா கல்லாவிலிருந்து சிரித்துக்கொண்டே போனை நீட்டுவார். இன்றைக்காவது நர்ஸம்மா, உங்கள் வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார் என்று காதை ஒட்டிவைத்துக் கேட்பேன். அவர் கோளாறைச் சொல்வார். நான் வைத்தியத்தைச் சொல்லிவிட்டு லைனிலேயே காத்திருப்பேன். தூரத்தில் எஞ்சின் இருமி, உறுமி, ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்கும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரும்.

இரண்டு வருஷம் இப்படிப் போன் வந்துகொண்டிருந்தது. கார் மட்டும் வரவேயில்லை. நர்ஸம்மாவுக்குப் பொறுமை ரொம்ப அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.