ஒன்பதாவது ஆவணம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் ஜூன் மாதத்தில், போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இது. நான் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு மற்றவர்களைத் தேடிப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். என்னைத் தேடி வருபவர்கள் கையில் பிளாஸ்டிக் கவரோடு வருவார்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்தப் படிவம், அது எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அன்று வந்தவர் போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் பெண். கணவரோடு தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் தங்கல். ரேஷன் கார்டும் ஓட்டும் கீழே சொந்த ஊரில். இளைய மகள் விடுதியில் தங்கி, ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வேறு சலுகை கிடைத்திருக்கும். அவள் படித்தது உதவிபெறும் பள்ளி. எனவே முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்றுதான் வழி. அது இருந்தால் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். இல்லையென்றால் அந்த வீட்டுக்கு அந்தப் படிப்பு இல்லை. பதிவேற்றக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பெண் வந்தது செவ்வாய்க்கிழமை.

விண்ணப்பம் ஏற்கெனவே ஒருமுறை போய்த் திரும்பியிருந்தது. அதற்கே ஒரு வாரம். ஓடிபி போனது கணவரின் போனுக்கு. அவர் இருக்கும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட பாறைமேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். நாட்டை டிஜிட்டல் ஆக்கியவர்கள் அந்தப் பாறையைக் கணக்கில் எடுக்கவில்லை. திருப்பியதற்கான காரணம் ஒரே வரி: “குடும்பம் வெளி மாநிலத்தில் வசிக்கிறது, தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இணைக்கப்படவில்லை.”

படிவத்தைப் புரட்டினேன். குடும்பத்தினர் கல்வித் தகுதி என்ற பட்டியலில் தந்தை ஐந்தாம் வகுப்பு, தாய் படிக்கவில்லை, மூத்த மகள் ப்ளஸ் டூ. மூத்தவள் ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்டேன்.

“அவ போகல சார். ஏலக்கா ஸ்டோர்ல காய் பெறக்கப் போறா” என்றார்.

ஒரு பிள்ளையை இப்படிக் கோட்டை விடலாமா, அரசாங்கம் எத்தனை திட்டம் போட்டிருக்கிறது, நீங்கள்தானே பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பத்து நிமிடம் உபதேசம் செய்தேன்.

கடிதம்தானே, நானே வந்து வாங்கித் தருகிறேன் என்று புதன்கிழமை காலை அவரோடு, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் கிளம்பினேன். ஆறு பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினாறு பேர், அத்தனை பேர் மடியிலும் தூக்குச்சட்டி. பேண்ட் போட்ட ஒரே ஆள் நான். “சாரு களையெடுக்க வர்றாகளா? கூலி பேசிட்டீகளா சார்?” என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, “பென்சன் பத்தலையாம் ஆத்தா” என்றாள். ஜீப்பே சிரித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் நான் கம்பியை விடாமல் பிடித்தபடி சிரிக்க முயன்றேன்.

தோட்ட மேலாளர் மரியாதையான மனிதர். பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தார். கடிதம் என்றதும் முகம் மாறிவிட்டது.

“இவங்க இங்க ஜோலிக்கு வர்றாங்கன்னு நான் எழுதித் தந்தா, நாளைக்கு லேபர் ஆபீசுல நானல்லே பதில் சொல்லணும் சாரே? ரிஜிஸ்டர்ல இவங்க பேரே இல்லை.”

பதினெட்டு வருடமாக அங்கே வேலை செய்யும் பெண் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆளைப் பார்த்துக்கொண்டே ஆள் இல்லை என்கிறார். ஆனால் அவர் நிலையில் எந்த மேலாளரும் அந்தக் கடிதத்தைத் தரமாட்டார் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரவே முடியாத ஒன்றைக் கேட்கிறார்கள். எந்த மடையன் இதைக் கேட்கச் சொன்னான்? இறங்கும்போது வழி முழுவதும் அதையே புலம்பிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம்; நானும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்திருந்தவன்தான். வாசலில் கல்வியால் நாடு உயரும் என்று பெரிய ஃபிளெக்ஸ். அந்தப் பெண்ணைக் கதவோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பிரிவில் இருந்தவர் சின்ன வயது உதவியாளர். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர், என்னைத் தெரியாது. இந்தக் கடிதம் அரசாணையில் எந்தப் பத்தியில் இருக்கிறது, காட்டுங்கள் என்று குரலை உயர்த்தினேன். இல்லாத விதியை உண்டாக்கி ஏழைகளை அலைக்கழிக்கிறீர்கள் என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. “நாங்க புதுசா எதுவும் கேக்கல சார். செக்லிஸ்ட்ல இருக்கு” என்று பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்து எடுத்துவந்தார். நகலுக்கு நகல் எடுத்து, கறுப்புப் புள்ளிகள் விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இணைக்க வேண்டிய ஆவணங்கள். எட்டு வரை தட்டச்சு. ஒன்பதாவது மட்டும் கையெழுத்தில்: “மலைத்தோட்டத்தில் வசிப்போர், நிர்வாகத்தின் கடிதம்.” கீழே ஒரு சுருக்கொப்பம்.

“இது யார் போட்டதுன்னு தெரியாது சார். விஷயம் தெரிஞ்ச ஆபீசராம். அதான் யாரும் இதுல கை வைக்கிறதில்ல.”

என் சுருக்கொப்பம் அது. முதல் எழுத்தின் வாலை இழுத்து வளைப்பது என் பழக்கம்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு தணிக்கையில், கேரளத்தில் வசிக்கும் குடும்பத்துக்கு எப்படிச் சான்று கொடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ரேஷன் கார்டு இருக்கிறது என்று ஒரு வரி பதில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள இந்த வரியைச் சேர்த்தேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை. எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அது என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் தள்ளினார். “அப்ப நீங்களே எழுதிக் குடுங்க சார். தாசில்தார்ட்ட வைக்கிறேன்.”

“மேற்படி ஒன்பதாவது ஆவணத்துக்கு அரசாணையில் இடமில்லை. அதைத் தவறாகச் சேர்த்தவன் நானே” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் வேலைக்காலம் முழுவதிலும் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை. தாசில்தார் படித்துவிட்டு சிவப்பு மையால் அந்த வரியை அடித்தார். நாளைக் காலை சான்றிதழ் வந்துவிடும் என்றார்.

வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கடிதம் வேண்டாமா என்று இரண்டுமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

“மூத்தவளுக்கும் இதே கடுதாசியத்தேன் கேட்டாக சார், நாலு வருசத்துக்கு முன்னால. அலஞ்சு பாத்தோம். அதுக்குள்ள தேதி முடிஞ்சுபோச்சு.”

பத்து நிமிடம் உபதேசம் கேட்டவர், அப்போது இதைச் சொல்லவில்லை.

அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“சின்னவளுக்குக் கெடச்சிரும்ல சார்?”

கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் பதிவேற்றினோம். இளையவள் இப்போது பொறியியல் படிக்கிறாள். மூத்தவள் அதே ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறாள். கடைத்தெருவில் பார்த்தால் எனக்கு வணக்கம் வைக்கிறாள்.

இப்போதும் ஆட்கள் கவரோடு வருகிறார்கள். உபதேசத்தை விட்டுவிட்டேன். இந்தக் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்று அந்தச் சான்றிதழில் அரசாங்கம் உறுதி சொல்கிறது; அந்த வாசகம் உண்மையாக இருப்பதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம் என்பதை நினைக்காமல் என்னால் இன்றுவரை எந்தத் தாளிலும் பேனாவை வைக்க முடியவில்லை.