ஏரலுக்குப் பாதை இல்லாத நாட்கள்

தாமிரபரணியில் வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் என் கணவர் ஏரலில் இருந்தார். அவருடைய அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவர்கள், அங்கே தனியாக இருந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள். வீட்டு ஓடு ஒழுகுகிறது என்று சொன்னதும், ஆள் வைத்து மாற்றிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இவர் சனிக்கிழமை கிளம்பிப் போனார். ஞாயிறு முழுவதும் மழை விடவே இல்லை. சாயங்காலம் போன் வந்தது.

“ஆத்துல தண்ணி கூடுது. பஸ்ஸும் நின்னு போச்சு. நாளைக்கு வந்துருதேன், நீ பயப்படாத.”

“மைனிய மாடி வீடு எதுலயாவது ஏத்திட்டீங்களா?”

பதில் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

திங்கட்கிழமை நாங்கள் இருக்கிற பாளையங்கோட்டையில் கரண்ட் இல்லை. எங்கள் தெரு மேடு, அதனால் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் வீட்டுக்குள் என்னால் உட்கார முடியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நின்றிருந்த பஸ்களில் ஒன்றில் கண்டக்டர் ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏரலுக்கா? ரோடே இல்லம்மா. எங்கன போக?”

வீட்டுக்கு வந்தேன். துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தேன். அவருடைய சட்டையைப் பிழியாமலேயே வாளியில் போட்டுவிட்டு எழுந்தேன். மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதே கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஜெபத்தை நடத்துகிறவள் நான். ஆஸ்பத்திரி வாசலில், சாவு வீட்டில், “ஆண்டவர் கையில விட்டுருங்க” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அன்றைக்கு முழங்காலில் நின்றால் எனக்கு வாய் வரவில்லை. ‘காப்பாற்றும்’ என்று சொல்ல முடிந்தது. ‘உம் சித்தப்படி ஆகட்டும்’ என்கிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். நான் அதைச் சொல்லிவிட்டால் அவரை எடுத்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அவர் உயிரோடு இருப்பார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். பாதியில் எழுந்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கோயிலை ஒட்டிய, நான் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தின் ஹாலில், தண்ணீர் புகுந்த ஊர்களிலிருந்து லாரியில் கொண்டுவந்தவர்களைத் தங்க வைத்தார்கள். அங்கே ஜெனரேட்டர் இருந்தது. போனைச் சார்ஜ் போடத்தான் போனேன். கை சும்மா இருக்க முடியாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் சீவலப்பேரிக்காரப் பெண் ஒருத்தி, வயல் வேலைக்குப் போகிறவள், என் வயசுதான் இருக்கும். யாரோ கொடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். அவளிடம் இரண்டு ஆடுகள் இருந்தனவாம்.

“கயித்த அவுத்து விட்டுட்டேன் டீச்சர். இழுத்துட்டு வரவும் முடியல, கட்டிப் போட்டுட்டு வரவும் மனசு இல்ல. எங்கனயாவது மேட்டப் பாத்து ஏறிக்கிடட்டும்.”

எனக்கு ஏனோ கோபம் வந்தது. “எப்படி விட்டுட்டு வந்தே?” என்று கேட்டுவிட்டேன். அவள் வெங்காயத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

மத்தியானம் உப்புமா ஆயிற்று. எல்லாரும் உட்கார்ந்ததும் எங்கள் குருவானவர் வழக்கம்போல என்னைப் பார்த்து, “டீச்சரம்மா, ஜெபம் பண்ணுங்க” என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எழுந்து நின்றேன். கண்ணை மூடினால் தண்ணீர்தான் தெரிந்தது.

“ஆண்டவரே, எங்க வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும்.”

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஹாலில் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டுக்கு நன்றி சொல்லவில்லை, யாருக்காகவும் மன்றாடவில்லை. “என்ன ஆனாலும் அவர் உம்ம கையிலதான் இருக்காரு” என்று கடைசியில் சொல்லி முடித்தேன். ஆமென் சொன்னவர்களில் அந்தச் சீவலப்பேரிப் பெண்ணும் இருந்தாள்.

மனசு அமைதியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அன்றைக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை பரிமாறினேன்.

புதன்கிழமை காலையில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

“நாந்தான். ரெண்டு பேரும் இருக்கோம்.” அவ்வளவுதான் கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டிராக்டரிலும் வேனிலுமாக மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். மைனியின் வீட்டில் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது. தெருவில் நெஞ்சளவு தண்ணீரில் இவர் அக்காவை முதுகில் சுமந்துபோய், எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஏற்றியிருக்கிறார். சாப்பாடில்லாமல் இரண்டு நாள் அங்கேயே இருந்திருக்கிறார்கள். “என் தம்பி என்னைச் சுமந்தான்” என்று மைனி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அப்போதெல்லாம் இவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு வாரம் கழித்து, மைனி தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், இவர் என்னிடம் பைய, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நடுத் தெருவுல கால் வழுக்கிச்சு. ‘என்ன விட்டுருலே, நீ போ’ன்னு அக்கா சொன்னா. ஒரு நிமிஷம் நான் கைய லூசா விட்டேன். அக்காவுக்குத் தெரியாது.”

“பெறகு பிடிச்சீங்கள்லா?”

“பிடிச்சேன். ஆனா விட்டேன்லா.”

ஆறுதல் வார்த்தைகள் எனக்கு வரிசையாகத் தெரியும். ஒன்றையும் சொல்லவில்லை. பள்ளிக்கூட ஹாலில் நான் ஜெபத்தில் பாதியில் நின்றதை அவரிடம் சொன்னேன். “இதயும் ஆண்டவர் கையிலயே குடுத்துருவோம்” என்றேன். இவர் தூங்குகிற அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நீயே சொல்லு. எனக்கு வாய் வரல” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டு வரிதான்.

மைனி இப்போது எங்களோடுதான் இருக்கிறார்கள். வானிலை அறிக்கையில் காற்றழுத்தம் என்று கேட்டாலே இவர் எழுந்து வாசலுக்குப் போய் மேகத்தைப் பார்க்கிறார். நானும் பின்னாலேயே போகிறேன்.