அத்தை ஒளித்த செருப்பு

ஒருபாதி சங்கரனும் ஒருபாதி நாராயணனுமாய் நின்றருளும் பெருமானே, கோமதித் தாயே, துணை நிற்பீர்.

ஆவணி முதல் ஞாயிறு, வளர்பிறைப் பஞ்சமி. சங்கரன்கோவிலில் அத்தான் வீட்டில் இரண்டு நாள் விருந்துண்டு, மாலை ரயிலுக்குப் புறப்பட்டோம். ஒன்றரை வயதுப் பேத்தியின் ஒரு செருப்பை மட்டும் காணவில்லை. எல்லோரும் தேட, அத்தான் விசிறிக்கொண்டு அமர்ந்திருந்தார். எனக்கு விளங்கிவிட்டது.

அவருடைய தாயார், என் அத்தை, இதே வீட்டில் செய்த வேலை அது. நாங்கள் கிளம்பும்போதெல்லாம் என் செருப்பு உமிமூட்டைக்குள் போய்விடும். அப்பாவும் அறியாதவர்போல் தேடுவார். அதற்குள் அடுக்களையில் கறுப்பு உளுந்து வறுபடும் மணம் எழும்; இன்னும் ஒருநாள் தங்குவோம்.

ஒருமுறை மட்டும் அப்பா, "விளையாடாதக்கா, நாளைக்கு ஆபீஸ் போணும்லா" என்று சினந்து, என்னை வெறுங்காலோடு தூக்கிப் பஸ் ஏறினார். உமி ஒட்டிய செருப்பை ஏந்தியபடி அத்தை பின்னால் ஓடிவந்தாள். அடுத்தமுறை நாங்கள் வந்தது அவள் இறந்த செய்தி கேட்டுத்தான். அவளோடு இருந்திருக்கக்கூடிய அந்த ஒருநாளுக்காக என் மனம் இன்றும் ஏங்குகிறது.

"செருப்பு போனாப் போகுது. பிள்ளையத் தூக்கிக்கிடுதேன், வாங்கப்பா" என்றான் மகன்.

"அப்படியே இவன் தாத்தன்லா! கால்ல சக்கரம் கட்டிருக்கான்" என்று அத்தான் சிரித்தார். விசிறி நின்றுவிட்டது.

"ஏலே, டிக்கெட்ட ரத்து பண்ணு. நாளைக்குப் போவோம்" என்றேன்.

அத்தான் அடுக்களையை நோக்கிக் குரல்கொடுத்தார். "ஏட்டி, இருக்காங்களாம்! உலையில கூட ஒரு படி அரிசி போடு."

இதனைப் படிப்போர் இல்லந்தோறும் விருந்தும் மழலையும் நிறைக. போகவிடாமல் தடுக்கும் உறவுகள் நெடிது வாழ்க.