சட்டைக்குக் காவல்

இன்று சிங்காநல்லூர் பஸ்ஸில் அப்பாவின் பள்ளித்தோழர் ரங்கன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

செல்போனும் கையுமாக இருந்த என்னைக் காட்டி அப்பா ஆரம்பித்தார். "இதுகளுக்கு என்ன தெரியும்? லீவு உட்டா நாம நாள் முச்சூடும் கெணத்துலதான கெடப்போம். ஏண்டா ரங்கா?"

அவர் சிரித்தார். "நீங்க கெடந்தீங்க. எங்காளுகளத்தான் கெணத்துல எறங்க உடமாட்டாங்களே. நான் மேட்டுல நின்னு உங்க சட்டைக்கெல்லாம் காவல் காத்தனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதிலிருந்து நான் கேட்ட கதையில் மேட்டில் யாருமே நின்றதில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம்டா" என்று அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே வகுப்பில் படித்தவர்கள். இன்றும் ஒருவர் 'டா', ஒருவர் 'ங்க'.

உங்கள் வீட்டிலும் கிணற்றில் குதித்த கதை இருக்கும். சட்டைக்குக் காவல் நின்றது யார் என்று கேட்டுவிட்டு வந்து கமெண்ட்டில் சொல்லுங்கள்.